டாக்டர் மரகதத்தின் கல்யாணத்தை எங்கே போடுவது?

போன வாரம் பிரவீன் போன் செய்தான். கொல்லிமலை மேல் இருக்கும் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில், நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்தவன். நல்ல பையன்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு குழு, குழுவுக்குள் ஒரு சண்டை என்று காலம் தள்ளுகிறவன். இப்போது நிலையத்தின் இணையதளத்தில் பழைய விஞ்ஞானிகளுக்கு ஆளுக்கொரு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு போடுகிறார்களாம். ஒரு விஞ்ஞானி, கூட வேலை பார்த்த இன்னொரு விஞ்ஞானியைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தால் அதை எழுதலாமா கூடாதா என்று வாட்ஸ்அப்பில் அடிதடி.

"பாதிப் பேரு அது சொந்த விசயம், தொடவே கூடாதுங்கறாங்க மேடம். மீதிப் பேரு அதை மறைச்சா வரலாறே பொய்யாப் போயிருமுங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அதையே வெச்சுக்கிறோம்."

ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அவன் அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஒரு சண்டையை ஆரம்பித்திருப்பான். "எழுதியே அனுப்புறேன், எல்லாருமாச் சேர்ந்து படிச்சுத் தொலைங்க" என்று வைத்துவிட்டேன். வேலை பார்த்த காலம் முழுக்க இந்த ஒரே கேள்வியோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். தமிழ் எம்.ஏ. முடித்துப் பரீட்சை எழுதி, வெளியீட்டுப் பிரிவில் வேலை கிடைத்தது. கோயம்புத்தூரில் போடுவார்கள் என்று நம்பி மாதா கோவிலில் மெழுகுவர்த்தியெல்லாம் ஏற்றினேன். உத்தரவில் கொல்லிமலை என்று இருந்தது. அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் மலை ஏற ஆரம்பித்தபோது என் பயிற்சிக் காலம் தொடங்கியது. வளைவுக்கு வளைவு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிட்டு, மேலே போய் இறங்கியபோது பயிற்சி முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் மேசை கொடுத்துவிட்டார்கள்.

விவசாயிகளுக்கான துண்டுப் பிரசுரம், ஆண்டறிக்கை, விழா மலர் இவற்றைத் தயாரிப்பதுதான் எங்கள் வேலை. விழா மலர் என்றால் விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் குறிப்புகள் இருக்கும். அங்கேதான் வந்தது வம்பு. ஏனென்றால் எங்கள் நிலையத்தில் கல்யாணம் என்பது மழைக்காலத்துச் சளி மாதிரி, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொண்டே போகும். கீழ்நாட்டுப் பெண்வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டுச் சந்தோஷமாகக் கிளம்பி வருவார்கள். காரவள்ளியில் இறங்கி, மலையை அண்ணாந்து பார்ப்பார்கள். "எம் பொண்ணு இதுக்கு மேலயா?" என்று அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். மாப்பிள்ளை பாவம் என்ன செய்வான்? பக்கத்து ஆய்வகத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பான். பூச்சியியல் உழவியலைக் கட்டிக்கொண்டது. நோயியல் தோட்டக்கலையைக் கட்டிக்கொண்டது. எந்தக் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினாலும் இரண்டு டாக்டர்கள் வந்து திறப்பார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவர் தங்கராசு சார். பெருந்துறைக்காரர். உட்கார்ந்து எதையும் படிக்கமாட்டார். தாளைக் கையில் வாங்கி, ஜன்னலோரம் போய் நின்று, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் உரக்கப் படிப்பார். எந்த இடத்தில் நாக்கு இடறுகிறதோ அங்கே சிவப்புப் பென்சில் விழும். திட்டமாட்டார். "இதை ஆருங்க எழுதுனது?" என்று மட்டும் கேட்பார். அந்தப் பிரிவில் எழுதுவதற்கு என்னை விட்டால் வேறு நாதி கிடையாது என்று அவருக்குத் தெரியும். "நான்தான் சார்" என்பேன். "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு, ஒரு டீயை மெதுவாகக் குடித்து முடிக்கும்வரை பேசவேமாட்டார். அதற்கு நாலு அறை கொடுத்திருக்கலாம்.

வாழ்க்கைக் குறிப்புக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். "மூணே கேள்விதாங்க ஸ்டெல்லா. எங்க பொறந்தாரு, என்ன படிச்சாரு, என்ன செஞ்சாரு. ஆரைக் கட்டுனாருங்கறது நாலாவது கேள்வி. அது கல்யாணப் பத்திரிகைக்கு." இந்த மூன்று கேள்விக்கும் நிலையத்தில் எல்லோரும் பயந்தார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லாதவர்கள் ரொம்பவே பயந்தார்கள்.

இந்த முறை சும்மா வந்துவிடவில்லை, அடிபட்டுத்தான் வந்தது. நான் சேர்ந்த புதிதில் போட்ட மலரில் ஒரு பூச்சியியல் டாக்டரின் குறிப்பில், "இவர் துணைவியாரும் இந்நிலையத்தில் உழவியல் விஞ்ஞானி" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். நாமக்கல்லில் அச்சாகி மூட்டை மூட்டையாக மேலே வந்த அன்றைக்கு அந்த அம்மா கணவரோடு கோபித்துக்கொண்டு மதுரைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் எங்கள் அறைக்கு ஓடிவந்தார். "அந்த வரி கண்ணுல படக் கூடாது. பட்டா நான் மலையில இருந்து குதிச்சுருவேன்" என்றார். நானும் சாரும் ப்யூனுமாக உட்கார்ந்து மைதாப் பசை காய்ச்சி, ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரி மேல் வெள்ளைத் தாள் ஒட்டினோம். விரலெல்லாம் தோசை மாவு மாதிரி பசை. கடைசி மூட்டையை ஒட்டிக் கட்டும்போது, டாக்டர் மனைவியோடு கைகோத்துக்கொண்டு உள்ளே வருகிறார்! சமாதானம் ஆகிவிட்டதாம். "தாளை எடுத்துருங்களேன், அவ பார்க்கணுங்கறா." எடுத்தோம். பசையோடு சேர்ந்து வரியும் உரிந்து வந்துவிட்டது. அந்த அம்மா ஓட்டையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி மதுரைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டே தங்கராசு சார் சொன்னார்: "இனி நம்ம மலருல ஆருக்கும் கண்ணாலம் ஆகாதுங்க." அதோடு சரி. அதற்குப் பிறகு எங்கள் மலர்களில் ஒருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, டாக்டர் மரகதம் எங்கள் அறைக்கு வரும்வரை.

மரகதம் அம்மா அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். பயிர்ப் பெருக்கம் அவர் துறை. மலை மேல் எடப்புளி நாட்டுப் பக்கம் மானாவாரிக் காடுகளில் விதைக்கிற சாமை, பெருங்காற்றும் மழையும் வந்தால் அறுப்புக்கு முன்னால் படுத்துவிடும். படுத்தால் மணி கொட்டி, விவசாயி வாயில் மண். இந்த அம்மா வருடக்கணக்காக ஒவ்வொரு காடாகப் போய், காற்றடித்த மறுநாள் எந்தப் பயிர் இன்னும் நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கதிரை மட்டும் எடுத்து வந்து தனியாக விதைத்து, அதிலும் நின்றதை மட்டும் எடுத்து மறுபடி விதைத்து, கடைசியில் சாயாத சாமை ஒன்றைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் மலையில் பாதிக் காட்டில் அதுதான் நிற்கிறது.

அவர் கணவர் டாக்டர் குழந்தைவேல், மண்ணியல். தங்கமான மனிதர். சாமையையும் பனிவரகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று மனைவியைத்தான் கேட்பார். ஆனால் கடவுள் அவருக்குக் கணீரென்று ஒரு குரலைக் கொடுத்துவிட்டார். ரேடியோவில் விவசாய நிகழ்ச்சிக்குப் பேச யாரையாவது அனுப்பு என்றால் மேலதிகாரிகள் அவரைத்தான் அனுப்புவார்கள். அவரும் மனைவி எழுதிக் கொடுத்ததைப் போய்ப் படித்துவிட்டு வருவார். விளைவு என்ன? கீழே சேந்தமங்கலம் வரைக்கும் அதற்குக் 'குழந்தைவேல் சாமை' என்று பேர் ஆகிவிட்டது.

இது போதாதென்று, தலைமையிடத்தில் அவர்களாகவே ஒரு மலர் போட்டார்கள். அதில் எங்கள் சாருடைய முறை கிடையாதே! மரகதம் அம்மாவின் குறிப்பு "மண்ணியல் அறிஞர் குழந்தைவேலின் துணைவியார்" என்று ஆரம்பித்து, "கணவரின் ஆய்வுகளுக்கு உறுதுணையாக நின்றவர்" என்று முடிந்தது. குழந்தைவேல் சாரின் பக்கத்தில் மண், உரம், சாமை எல்லாம் இருந்தன. மனைவி என்ற பேச்சே இல்லை. அதைப் படித்துவிட்டு யாரோ அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "இது எனக்குச் சேர வேண்டியதில்லீங்க, எங்க ஊட்டுக்காரம்மாவோடது" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கூட்டம் கைதட்டித் தீர்த்துவிட்டது. "பார்த்தியா, எவ்வளவு பெருந்தன்மை! சம்சாரத்து மேல எம்புட்டுப் பாசம்!" உண்மையைச் சொன்னாலும் அது அவர் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டது. அவர் சொல்லச் சொல்லப் பெரிய மனிதர் ஆனார், அந்த அம்மா நல்ல மனைவி ஆனார்.

அவர்கள் இரண்டு பேரும் ஒரே வருடம் ஓய்வு பெற்றார்கள். அதற்கு நாங்கள் மலர் போட வேண்டும். அதே வருடம் மாநில அளவில் சிறுதானிய ஆராய்ச்சிக்கு ஒரு விருது கொடுப்பதாக இருந்தது. ஒருவருக்குத்தான். வேலையில் இருக்கிற வருடம்வரைதான் பெயர் அனுப்ப முடியும். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு பெரியவர்தான் எங்கள் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். மலரைத்தான் அவர் படித்துப் பார்ப்பார்.

மரகதம் அம்மா வந்து உட்காரக்கூட இல்லை. "ஏனுங்க, எனக்கு இதுதான் கடைசி. அவரு பேரு என் பக்கத்துல வரவே கூடாது. வந்துச்சுன்னா அந்தப் பெரியவரு மேல படிக்கமாட்டாரு. ஓகோ, அவரோட சம்சாரமான்னு பக்கத்தைத் திருப்பிருவாரு. அந்தச் சாமை எம் பேருல நிக்கோணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார்.

தங்கராசு சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அவருடைய முறையைக் கேட்டு வாங்க வந்திருக்கிறார். சிவப்புப் பென்சிலைப் புதிதாகச் சீவிக்கொண்டார். இரண்டு பக்கத்திலும் குடும்ப வாசனையே இல்லாமல் துடைத்தார். "இருவரும்" என்று வந்த இடமெல்லாம் போயிற்று. இரண்டு பேரும் மகளோடு நிற்கிற படத்தை எடுத்துவிட்டு, தனித்தனியாகப் பாஸ்போர்ட் படம் போட்டார். மரகதம் அம்மாவின் பக்கத்தில் சாமை முதல் வரியிலேயே தலை நிமிர்ந்து நின்றது. நானே இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்டேன்.

விழா அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் காரில் மலை ஏறிக்கொண்டே மலரை முதலிலிருந்து கடைசிவரை படித்திருக்கிறார். அந்த வளைவுகளில் புத்தகம் படித்தவரின் தலை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மேடையில் ஏறினார். சாமையைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். மரகதத்தின் சாமை என்று நாலு தடவை சொன்னார். முன்வரிசையில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், மலர்ந்திருந்தது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொன்றையும் நான் கவனித்தேன்" என்று குரலை உயர்த்தினார். "இந்த நிலையத்தில் பணியாற்றிய ஒருவர்கூட மணவாழ்க்கையில் ஈடுபடவில்லை! சித்தர்கள் தவமிருந்த மலை அல்லவா! குறிப்பாக மரகதமும் குழந்தைவேலும். ஒரே ஆண்டு வந்தார்கள், ஒரே மலையில் உழைத்தார்கள், ஒரே ஆண்டு விடைபெறுகிறார்கள். ஆனாலும் ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பாராமல், இந்தச் சாமைக்காக இல்லறத்தையே துறந்த இந்த இரு துறவிகளுக்கும் நான் தலை வணங்குகிறேன்!"

வணங்கியும் விட்டார்.

தங்கராசு சாரைப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் போய்விடலாமா என்று யோசிப்பது போல் நின்றார். அப்போது எடப்புளி நாட்டு விவசாயி வெள்ளையப்பன் எழுந்தார். மரகதம் அம்மா கதிர் எடுத்த காடுகளில் அவருடையதும் ஒன்று. ஆள் நிஜமாகவே பதறிப்போயிருந்தார்.

"ஏனுங்க, அப்ப அம்மிணிக்கும் அய்யாவுக்கும் கண்ணாலமே ஆகலீங்களா? நாங்க இத்தனை வருசமா ஒரே ஊட்டுலதானுங்க தேன் குடுத்துட்டு வாரோம்!"

பக்கத்தில் இருந்த அவர் சம்சாரம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பொறவு அந்தப் புள்ளை ஆருதுங்க?" என்றார்.

மொத்தக் கூட்டமும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. அங்கே அவர்கள் மகள் கயல், பெங்களூரில் இருந்து லீவு போட்டு வந்தவள், அப்பா அம்மாவின் விழாவைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பேர் கூப்பிட்டதுபோலக் கையைத் தூக்கினாள். விசில் பறந்தது. பூச்சியியல் தோட்டக்கலையைப் பார்த்துச் சிரித்தது, நோயியல் முகத்தை மூடிக்கொண்டது.

சிறப்பு விருந்தினருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? மரகதம் அம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. நாலு தடவை கேட்ட 'மரகதத்தின் சாமை' கண்ணெதிரிலேயே கை நழுவிப் போகிறது. இனி அவர் யாருக்கோ சம்சாரம். பழைய கதைதான்.

அவர் எழுந்து மேடைக்குப் போய் மைக்கை வாங்கினார். "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க. இவரைத்தான். விருப்பப்பட்டுத்தான் கட்டுனேன், இன்னைக்கும் வருத்தமில்லை. அந்தச் சாமையைக் கொண்டுவந்தது நான். இது ரெண்டும் வேற வேற விசயமுங்க" என்றார். ஒரு வார்த்தையும் தடுமாறவில்லை.

சிறப்பு விருந்தினர் மெதுவாகக் குழந்தைவேல் சார் பக்கம் திரும்பி, "அப்படியானால் நீங்கள்..." என்று இழுத்தார். பழக்கதோஷம், யாரைக் கேட்டு உறுதி செய்கிறார் பாருங்கள்! குழந்தைவேல் சார் அந்தக் கணீர்க் குரலில், மைக் இல்லாமலே சொன்னார்: "நான் கொடை புடிச்சேனுங்க. மழையில அவ கதிரைப் பார்ப்பா, நான் கொடை புடிப்பேன். மத்தபடி அந்தச் சாமைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

இந்தத் தடவை யாரும் பெருந்தன்மை என்று சொல்லவில்லை. வெள்ளையப்பன் மட்டும், "ஆமாங்க, கொடை அய்யாதான்" என்று தலையை ஆட்டினார்.

அந்தப் பெரியவரைக் குறை சொல்லக் கூடாது. போகும்போது தங்கராசு சாரைத் தனியாகக் கூப்பிட்டு, "குழுவுக்குத் திருத்திய குறிப்பு வேண்டும். யார் என்ன செய்தார், யாருக்கு யார் என்ன உறவு, எல்லாம் தெளிவாக இருக்கட்டும். மறுபடியும் நான் யாரையும் துறவி ஆக்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் எங்கள் அறையில் பஞ்சாயத்து. தங்கராசு சார் ஜன்னலோரம், மரகதம் அம்மாவும் குழந்தைவேல் சாரும் நாற்காலியில், நான் கம்ப்யூட்டரில்.

"என் பக்கத்துல வேண்டாமுங்க" என்றார் மரகதம் அம்மா. "நேத்து அத்தனை பேரு முன்னாடி நான் சொல்லியும் அந்தப் பெரியவரு கண்ணு எங்க போச்சு பார்த்தீங்கல்ல?"

"போடலைன்னா மறுபடி சாமியார் மடமாயிருமுங்களே" என்றார் சார். மனிதர் ஒரே ராத்திரியில் நாலாவது கேள்விக்கு இறங்கி வந்திருந்தார். அதுவே எனக்கு அதிசயம்.

குழந்தைவேல் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பக்கத்துல போடுங்க. முதல் வரியா. சாமை விஞ்ஞானி மரகதத்தின் கணவர்னு. அவ பக்கத்துல ஒண்ணும் வேண்டாம்."

"அதெப்படிங்க!" என்று சார் பதறினார். "ஒருத்தருக்கு மட்டும் கண்ணாலம் ஆகி, இன்னொருத்தருக்கு ஆகாம இருக்குமுங்களா? படிக்கறவங்க சிரிக்கமாட்டாங்களா?"

"இத்தனை வருசம் அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார் குழந்தைவேல் சார், கொஞ்சமும் சிரிக்காமல். "எந்தப் புத்தகத்தை வேணா எடுத்துப் பாருங்க. எனக்குக் கல்யாணம் ஆகவே இல்லை, அவளுக்கு மட்டும் ஆயிருந்துச்சு. ஆரும் சிரிக்கலீங்களே?"

மரகதம் அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. நான் தட்டச்சு செய்து, தாளை எடுத்து சாரிடம் கொடுத்தேன். அவர் ஜன்னலோரம் நின்று, செய்தி வாசிக்கிற குரலில் படித்தார். "சாமை விஞ்ஞானி டாக்டர் மரகதத்தின் கணவரான குழந்தைவேல்..." நாக்கு இடறவில்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டார்.

பிரவீனுக்கும் அவன் குழுவுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? கல்யாணத்தை எழுதுங்கள், தப்பில்லை, ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்று நான் மேடையில் பார்த்தேன். ஆனால் முதலில் கணவர் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 'இன்னாருடைய கணவர்' என்று முதல் வரியில் போட்டு, அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் கோணவில்லை என்றால் மனைவி பக்கத்திலும் எழுதலாம். கோணினால், ஏன் கோணுகிறது என்று அவரையே கேட்டு, அதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

விருது மரகதம் அம்மாவுக்குத்தான் வந்தது. அவர் பெயர் மட்டும். பேப்பர்காரர்களும் டிவிக்காரர்களும் மலை ஏறி வந்தார்கள். வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஒரு சின்னப் பெண், மைக்கை நீட்டி, எல்லாப் பெண்களிடமும் கேட்கிற அதே கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்டாள்: "மேடம், குடும்பத்தையும் ஆராய்ச்சியையும் ஒண்ணா எப்படிச் சமாளிச்சீங்க?"

மரகதம் அம்மா கையில் இருந்த டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு வாசற்படியில் டீத் தட்டோடு நின்றிருந்த கணவரைக் கையைக் காட்டினார்.

"அவரைக் கேளு கண்ணு. எங்க ரெண்டு பேருல அவருக்குத்தான் கல்யாணம் ஆயிருக்குது."

அந்தப் பெண் மைக்கை அந்தப் பக்கம் திருப்பினாள். குழந்தைவேல் சாரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கயலைப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து ஆரம்பித்துப் பொறுமையாகப் பதில் சொன்னார்.